சமூகக் கலை நிகழ்ச்சிகளை ஒருங்கிணைப்பதை ஒரு தொழிலாக எடுத்துக்கொள்ளலாமா?

கேள்வி: முதுகலை முடித்திருக்கிறேன். ஊர் மக்களோடு சேர்ந்து கலை விழாக்கள் நடத்தும் அமைப்புகளில் வேலை செய்து, பிறகு ஒன்றைத் தலைமையேற்று நடத்த ஆசை. பிழைக்க முடியுமா?

முடியும். ஆனால் முதல் சில வருடம் சம்பளம் இழுத்துப் பிடித்துத்தான் வரும். பெரும்பாலும் நிதி இருக்கும்வரை வேலை, அப்புறம் அடுத்த திட்டம். இதை வீட்டில் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இந்தத் துறையில் இருக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், ரசனை இரண்டாம்பட்சம். பாதி நாள் பட்ஜெட், வேன் வாடகை, காவல் நிலையத்தில் மைக் அனுமதி, பெண் கலைஞர்கள் உடை மாற்றத் தாழ்ப்பாள் போட்ட ஒரு அறை என்றே போய்விடும். இரவு 10 மணிக்கு மேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது என்கின்றன 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள். விடிய விடிய ஆடும் கூத்தை நகரத்துக்கு அழைத்து வருகிறவர் முதலில் முட்டிக்கொள்வது இங்கேதான். கூத்தை ஒரு மணி நேரமாக வெட்டிவிடலாம் என்பது சுலபமான யோசனை. எதை வெட்டுவது என்று கூத்து வாத்தியாரிடம் கேட்காமல் வெட்டினால் மிஞ்சுவது வேஷமும் சத்தமும்தான்.

அதைவிடப் பெரியது கலைஞர்களின் நாட்காட்டி. வட மாவட்டங்களில் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடப்பது பெரும்பாலும் கோடை மாதங்களில். கூத்துக் குழுக்களின் வருடச் சம்பாத்தியமே அப்போதுதான். வெற்றிலை பாக்கு வைத்துப் பேசிய ஊரை விட்டுவிட்டு உங்கள் மேடைக்கு வரச் சொன்னால், உங்கள் விழா நன்றாக நடந்தாலும் அடுத்த வருடம் அந்த ஊர் அவர்களைக் கூப்பிடாது. நீங்கள் தருவது ஒரு நாள் சம்பளம், ஊர் தருவது வருடா வருடம்.

தலைமை என்றால் என்ன என்று பார்க்க எனக்குப் பிடித்த இடங்கள் இரண்டு. கர்நாடகத்தின் ஹெக்கோடு கிராமத்தில் 1949-இல் தொடங்கியது நீநாசம் என்ற நாடக அமைப்பு. அங்கே கே.வி. சுப்பண்ணா நாடகப் பள்ளியும் ஊர் ஊராகச் செல்லும் திருகாட்டக் குழுவும் வளர்த்தார், 1991-இல் மகசேசே விருது பெற்றார். கிராமத்தை விட்டு நகரவில்லை. இன்னொன்று காஞ்சிபுரம் பக்கம் கட்டைக்கூத்துச் சங்கம், 1990-இல் கலைஞர்களே சேர்ந்து அமைத்தது. பெண் பிள்ளைகளுக்கும் கூத்து சொல்லிக்கொடுத்து, கூடவே பள்ளிப் படிப்பும் தந்த குருகுலத்தை அவர்கள் நடத்தினார்கள்.

பணத்துக்கு வருவோம். 2013 கம்பெனிச் சட்டப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் பெரிய நிறுவனங்கள் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். எவையெல்லாம் சமூகப் பணி என்ற பட்டியலில் மரபுக் கலைகளும் உண்டு. ஆனால் பெரும் பங்கு கல்விக்கும் மருத்துவத்துக்கும் போய்விடுகிறது. அதனால்தான் பறை வகுப்பைக்கூடக் 'கல்வித் திட்டம்' என்று எழுதி அனுப்புகிறார்கள். (எனக்கு இதில் உடன்பாடில்லை, ஆனால் யாரையும் குறை சொல்ல மாட்டேன்.)

இப்போதைக்கு ஒரு சின்ன அமைப்பில் சேருங்கள், விழாவுக்கு மட்டும் ஆள் எடுக்கும் பெரிய இடத்தில் வேண்டாம். நிதி விண்ணப்பம் எழுதவும், டேலி என்ற கணக்கு மென்பொருளில் கணக்குப் போடவும் பழகுங்கள். கலைஞருக்கான பணத்தை நிகழ்ச்சி முடிந்த அன்றே கையில் கொடுக்கிற அமைப்பா என்று விசாரித்துவிட்டுச் சேருங்கள்.