அப்டேட் நின்ற போனில் பேங்க் ஆப் இருக்கலாமா?

கேள்வி: என் ஆண்ட்ராய்டு போனுக்கு வயது 6. அப்டேட் வருவது நின்றுவிட்டது. மற்றபடி நன்றாக ஓடுகிறது. ஆன்டிவைரஸ் போட்டுக்கொண்டு பேங்க் ஆப்பைத் தொடர்ந்து பயன்படுத்தலாமா? – ஒரு வாசகி

பதில்: வேண்டாம்மா. பேங்க் ஆப்பை இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

பழுது பார்க்க என்னிடம் வருகிறவர்களும் "நன்றாகத்தானே ஓடுகிறது" என்றுதான் சொல்கிறார்கள். செட்டிங்ஸில் 'போன் பற்றி' பகுதிக்குப் போய் 'ஆண்ட்ராய்டு பாதுகாப்பு அப்டேட்' தேதி எவ்வளவு பழையது என்று காட்டுவேன். உங்கள் போனிலும் பாருங்கள். பக்கத்தில் 'கூகுள் பிளே சிஸ்டம் அப்டேட்' என்று இன்னொரு தேதி இருக்கும். அது ஆண்ட்ராய்டின் சில பகுதிகளுக்கு மட்டும்தான்; புதிதாக இருந்தாலும் ஏமாந்துவிடாதீர்கள்.

ஆண்ட்ராய்டில் பாதுகாப்பு ஓட்டை கண்டுபிடித்தால் கூகுள் அதைப் பட்டியலிட்டு, திருத்திய நிரலையும் பொதுவில் வைக்கிறது. பழையதோடு அதை ஒப்பிட்டால் ஓட்டை எங்கே இருந்தது என்று திருடனுக்கும் தெரிந்துவிடும். புது போன்களில் அது அடைபடும். உங்களுடையதில் திறந்தே கிடக்கும். அதனால்தான் அப்டேட் நின்ற போனுக்கு நாள் ஆக ஆக ஆபத்து கூடுகிறது.

2017 மார்ச்சில் விண்டோஸுக்கு மைக்ரோசாஃப்ட் ஒரு திருத்தம் கொடுத்தது. அதைப் போடாத கணினிகளுக்குள் மே மாதம் அதே ஓட்டை வழியாக, கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் 'வானாக்ரை' வைரஸ் புகுந்தது. பிரிட்டனில் அரசு மருத்துவமனைகளே சிகிச்சைகளைத் தள்ளிப்போட வேண்டியதாயிற்று. நினைத்தால் இன்றும் எனக்குப் பதறுகிறது.

ஆன்டிவைரஸும் ஒரு ஆப்தான். கெட்ட ஆப்பைக் காட்டிக்கொடுக்கும். அதற்கும் அடியில், ஆண்ட்ராய்டிலேயே இருக்கும் ஓட்டையை அடைக்க அதனால் முடியாது.

பேங்க் ஆப்பை மட்டும் எடுத்தால் போதாது. ஓடிபி வருகிற சிம் அந்தப் போனிலேயே இருந்தால் பாதி சாவி அங்கேதான் இருக்கிறது. சிம்மை அப்டேட் வருகிற போனுக்கு மாற்றுங்கள். மெயில் கணக்கையும் பழைய போனிலிருந்து மட்டும் நீக்குங்கள். மற்ற கணக்குகளின் பாஸ்வேர்டை மாற்றும் வழி அந்த மெயில்தானே. பிறகு ஃபேக்டரி ரீசெட் செய்து, அதாவது போனில் இருப்பதையெல்லாம் அழித்துவிட்டு, பாட்டு கேட்கவும் அலாரம் வைக்கவும் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று: வீட்டு வைஃபை ரௌட்டர். அதற்கும் அப்டேட் உண்டு. அது நின்றால் ரௌட்டர் பெரும்பாலும் சொல்லாது. அடியில் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணைத் தயாரிப்பாளரின் தளத்தில் தேடிப் பாருங்கள். அப்டேட் நின்றிருந்தால், போனை மாற்றுவதற்கு முன்பே ரௌட்டரை மாற்றுங்கள்.