தட்டைக் கூரையின் பழைய ஒளிச்சாளரத்தை மாற்றும்போது எவற்றைக் கவனிக்க வேண்டும்?

இங்கிலாந்தில் வீட்டின் பின்கட்டுத் தட்டைக் கூரையில் உள்ள பழைய பிளாஸ்டிக் குவிமாடச் சாளரத்தை மாற்றலாமா, கட்டட விதிகள் பொருந்துமா என்று கேட்டிருந்தீர்கள். மாற்றலாம்; விதிகளும் பொருந்தும். தம் வேலை விதிப்படி உள்ளது எனத் தாமே சான்றளிக்கப் (சுயசான்று) பதிவுபெற்ற ஒப்பந்தக்காரர் இதைச் செய்ய வேண்டும், இல்லையேல் உள்ளூராட்சியின் கட்டடக் கட்டுப்பாட்டுப் பிரிவுக்கு முன்னரே அறிவிக்க வேண்டும். வேலை முடிந்ததும் சான்றிதழை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். வீட்டை விற்கும்போது வாங்குபவரின் வழக்கறிஞர் அதைக் கேட்கக்கூடும்.

2022 ஜூன் முதல் நடப்பிலுள்ள விதிப்படி, இவ்வகைச் சாளரத்தின் வெப்பக் கடத்தல் மதிப்பு (U-value; குறைவாக இருந்தால் வெப்ப இழப்பும் குறைவு) 2.2 W/m²K-ஐத் தாண்டக்கூடாது. அது கிடைமட்ட நிலையில் கணக்கிட்ட மதிப்பாக இருக்க வேண்டும் என்பதைப் பலர் தவறவிடுகிறார்கள். செங்குத்தாக நிற்கும் அதே இரட்டைத் தகட்டுக் கண்ணாடியைப் படுக்கவைத்தால் இரு தகடுகளுக்கு இடையிலுள்ள வாயு எளிதில் சுழன்று கூடுதல் வெப்பத்தை வெளியே கடத்திவிடும் என்பதால், செங்குத்து நிலைக்கான எண்ணை மட்டும் காட்டும் விற்பனைத் தாளை நம்பாதீர்கள்.

இவை எல்லாவற்றையும்விட எனக்குக் கவலையளிப்பது விழுகை ஆபத்துதான். பல்லாண்டு வெயிலில் மஞ்சளித்து நொறுங்கும் நிலைக்கு வந்த குவிமாடம், பாசியும் சருகும் மூடிக்கிடக்கையில் கூரையின் ஒரு பகுதியைப் போலவே தோன்றும். ஒரு கால் பட்டாலும் உடைந்துவிடும். ஆகவே கீழே அறைக்குள் பலகைத்தளம் அமைத்து, மேலே விளிம்பில் தடுப்பு கட்டிய பிறகே திருகுகளைக் கழற்ற வேண்டும். புதிய சாளரத்தின் உட்புறத் தகடு, உடைந்தாலும் துண்டுகள் தலையில் விழாத லேமினேட் கண்ணாடியாக இருக்கட்டும்.