சீனக்குடா லொறிகளும் நகரத்து நெரிசலும்: கேள்வி பதில்

திருகோணமலை வீதி நெரிசல், சரக்குப் போக்குவரத்து ஆகியன குறித்து உறுப்பினர்கள் கேட்டவற்றுக்கு, வீதித் திட்டமிடலில் பணியாற்றி ஓய்வு பெற்ற உறுப்பினர் ஒருவர் அளித்த பதில்கள்.

கேள்வி (ஒரு தாய், பாலையூற்று): காலையில் பிள்ளையை நகரத்துப் பாடசாலையில் விடுவதே பெரும்பாடாக இருக்கிறது. துறைமுக லொறிகளை அந்நேரத்தில் தடை செய்தால் என்ன, ஐயா?

பதில்: தடை செய்யலாம், அம்மா, ஆனால் நீங்கள் எதிர்பார்க்கும் அளவுக்கு நெரிசல் குறையாது. மா ஆலை, சீமெந்துத் தொழிற்சாலை, எண்ணெய்த் தாங்கிகள் எல்லாம் நகரத்துக்கு வெளியே, சீனக்குடாப் பக்கத்தில் இருக்கின்றன. அங்கே சரக்கேற்றிக்கொண்டு கந்தளாய், ஹபரணை வழியாகக் கொழும்புக்குப் போகும் லொறிக்கு நகரத்துக்குள் வர வேலையே இல்லை. உங்கள் வாசலைக் கடப்பவை பெரும்பாலும் நகரக் கடைகளுக்கோ, நிலாவெளி, புல்மோட்டைப் பக்கத்துக்கோ சரக்குக் கொண்டுபோகின்றவையாகவே இருக்கும். பாடசாலைகள் எல்லாம் 7.30 மணிக்கு ஒன்றாகத் தொடங்கும் வேளையிலேயே கடைவாசல்களில் லொறியை நிறுத்தி மூட்டை இறக்கினால், இரண்டு கடல்களுக்கு நடுவே ஒடுங்கிக் கிடக்கும் இந்த ஊரின் வீதிகள் தாங்கமாட்டா.

ஆகவே முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும். அநுராதபுரச் சந்தியில் ஒரு வாரம் நின்று, ஒவ்வொரு சாரதியிடமும் எங்கிருந்து வருகிறார், எங்கே இறக்கப் போகிறார் என்று கேட்டெழுதினால், ஊரை ஊடறுத்துப் போகும் லொறிகள் எத்தனை, ஊருக்குள்ளேயே இறக்குபவை எத்தனை என்பது தெரிந்துவிடும். முன்னதற்குச் சுற்றுவழி வேண்டும். பின்னதற்கு இறக்கும் நேரத்தையும் இடத்தையும் ஒழுங்கு செய்தாலே போதும். ஒன்றின் மருந்தை மற்றதற்குக் கொடுத்தால் பணந்தான் வீணாகும்.

கேள்வி (லொறி உரிமையாளர், சீனக்குடா): கப்பல் வந்தால் வாயிலில் நீண்ட வரிசை. இரவில் ஓடச் சொல்கிறார்கள். அது தீர்வாகுமா?

பதில்: ஒரு கப்பலில் 30,000 தொன் சரக்கு வருகிறதென்று வைத்து, அதை 20 தொன் ஏற்றும் லொறிகளில் எடுத்தால் 1,500 நடைகள் வேண்டும். பத்து நாளில் முடிப்பதானால் நாளுக்கு 150 நடைகள். 12 மணி நேர வேலையில் ஐந்து நிமிடத்துக்கு ஒரு லொறி வெளியேற வேண்டும், அதே அளவுக்கு வெறும் லொறிகளும் உள்ளே வர வேண்டும். இது வீதியால் தாங்க முடியாத கணக்கல்ல. எல்லாரும் விடியற்காலையிலேயே வாயிலுக்கு வந்து நிற்பதால்தான் அப்படித் தோன்றுகிறது.

அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சலிஸ், லோங் பீச் துறைமுகங்களில் 2005ஆம் ஆண்டு முதல் பகலில் கொள்கலன் எடுப்பதற்குக் கட்டணம் விதித்து, வேலையை இரவுக்குத் தள்ளினார்கள். சரக்கு இரவுக்கு நகர்ந்தது உண்மை. ஆனால் கட்டணம் நீங்கும் மாலை ஆறு மணிக்காக லொறிகள் வெளியே காத்துக் கிடந்தன. 2018இல் அம்முறையை மாற்றி, பகலுக்கும் இரவுக்கும் ஒரே கட்டணமாக்கி, லொறி வரும் நேரத்தை முன்பதிவு செய்வதை முதன்மைப்படுத்தினார்கள். நமக்கும் முன்பதிவே பொருத்தமானது. இரவில் ஓடினாலும் போய்ச் சேருமிடத்துக் களஞ்சியம் காலை எட்டு மணிக்குத்தான் திறக்குமென்றால், உங்கள் சாரதி வீதியோரத்தில் தூங்குவார், அவ்வளவுதான் மாற்றம்.

கேள்வி (வணிகர், கிண்ணியா): கூடுதலாக ஏற்றினால் நடைகள் குறையுமே?

பதில்: நடை குறையும், வீதி உடையும். அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை நடந்த வீதிச் சோதனையிலிருந்து பெறப்பட்ட விதியின்படி, அச்சுச்சுமை (ஒரு சக்கர அச்சு வீதியில் அழுத்தும் எடை) ஏறும்போது சேதம் ஏறத்தாழ அதன் நான்காம் அடுக்கில் ஏறுகிறது. ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாக ஏற்றினாலே சேதம் இரட்டிப்பாகும். 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை பாதையில் (வாகனங்களையும் ஏற்றிக் கடக்கும் மிதவைப் படகில்) ஏறக் காத்திருந்த உங்கள் ஊராருக்கு, நல்ல வீதியின் அருமையை நான் சொல்ல வேண்டியதில்லை.

கேள்வி (ஓய்வு பெற்ற புகையிரத ஊழியர்): தண்டவாளம் இருக்க ஏன் லொறி?

பதில்: நீங்கள் கேட்பது நியாயமானது. கல்லோயாச் சந்தியிலிருந்து வரும் பாதை 1927 முதல் இருக்கிறது. சீனக்குடாவில் நிலையமும் உண்டு. தலா 30 தொன் கொள்ளும் 20 வண்டிகளைக் கோத்தால், ஒரே ஓட்டத்தில் 30 லொறிகளின் சுமை போய்விடும். ஆனால் அது ஒற்றைத் தடம். காட்டுக்குள் யானைகள் கடப்பதால் வேகத்தையும் குறைக்க வேண்டும். அதைவிடப் பெரிய தடை மறுமுனையில் இருக்கிறது: தண்டவாளத்தை ஒட்டிய களஞ்சியம் இல்லாவிட்டால் சரக்கை மீண்டும் லொறியில் ஏற்ற வேண்டும், இரட்டைக் கூலியில் இலாபம் கரைந்துவிடும். மாவும் சீமெந்தும் ஒரே இடத்துக்குப் பெருந்தொகையாகப் போகின்றபோது மட்டும் புகையிரதம் வெல்லும். சில்லறைச் சரக்குக்கு அது ஒத்துவராது.