வரி ரசீது இருந்தால் வீடு நமதாகிவிடுமா?

கேள்வி: சென்னையின் தென்புறநகரில் 2009-இல் 1,200 சதுர அடி மனை வாங்கி வீடு கட்டினோம். பத்திரம் பதிவாகியிருக்கிறது, 30 ஆண்டு வில்லங்கமும் பார்த்தோம். சொத்து வரி, குடிநீர் வரி, மின் கட்டணம் எதிலும் பாக்கி இல்லை. இப்போது எங்கள் வீடு நீர்நிலைப் புறம்போக்கில் இருப்பதாக வருவாய்த் துறை நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது. பட்டா வாங்கித் தருவதாகச் சொல்லி ஒருவர் 3 லட்சம் ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். நீர்நிலை என்று பதிவான நிலத்துக்குப் பட்டா வழங்கக் கூடாது என்று உயர் நீதிமன்றம் பலமுறை கூறியிருக்கிறது. அதை மீறி வாங்கித் தரும் பட்டா, போலியாக இருக்கும். இல்லாவிட்டால் பின்னாளில் ரத்தாகும். அங்கீகாரமற்ற மனைகளுக்கான 2017-ஆம் ஆண்டு வரன்முறைத் திட்டத்தைக் காட்டியும் இவர்கள் பணம் பறிக்கிறார்கள். 20.10.2016-க்கு முன் உருவான, அனுமதி பெறாத மனைப்பிரிவுகளுக்கானது அது. நீர்நிலையை வீட்டு மனையாக மாற்றித் தரும் திட்டம் அல்ல.

நீங்கள் நம்பியிருக்கும் ஆவணங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். வில்லங்கச் சான்றிதழ் என்பது பதிவான பரிவர்த்தனைகளின் பட்டியல் மட்டுமே. நிலம் புறம்போக்கா என்பதை அது சொல்லாது. வரி ரசீதும் மின் இணைப்பும் உரிமைக்குச் சான்றாகா. 2011-இல் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தபோது புறநகர் மக்களிடம் வரி கேட்க வந்த நிர்வாகம், அந்த வீடுகள் நிற்கும் நிலத்தின் வகைப்பாட்டைப் பார்க்கவில்லை. பதிவுத் துறை முத்திரைக் கட்டணம் வாங்கியது, மின்வாரியம் மீட்டர் பொருத்தியது, ஓர் அலுவலகமும் மற்றொன்றைக் கேட்கவில்லை. வாழ்நாள் சேமிப்பைப் போட்டவர்தான் கடைசியில் ‘ஆக்கிரமிப்பாளர்’ ஆகிறார். இது எனக்கு இன்னும் பொறுக்கவில்லை.

அண்மையில் ஒரு குடும்பத்தின் கிரயப் பத்திரத்தைப் பார்த்தேன். சொத்து விவரத்தில், நான்கு எல்லைகளுள் ஒன்றாக, ‘வடக்கே வாய்க்கால்’ என்று தெளிவாகத் தட்டச்சிட்டிருந்தது. சர்வே எண்ணின் எல்லைகளை அளந்து வரைந்த அரசு வரைபடமான புலப்படத்தை விரித்தால் அந்த வாய்க்கால் அவர்கள் சமையலறையைக் கடந்து செல்கிறது. எழுதியவரும் பதிந்தவரும் வாங்கியவரும் படிக்காமல் விட்ட ஒற்றை வரி அது. உங்கள் பத்திரத்தின் நான்கு எல்லைகளையும் இன்றே படியுங்கள்.

அடுத்து, நோட்டீஸில் உள்ள சர்வே எண்ணும் உட்பிரிவும் உங்கள் பத்திரத்தில் உள்ளவையும் ஒன்றுதானா என்று பாருங்கள். நகர நில அளவையில் எண்கள் மாறியிருக்கலாம். பக்கத்து உட்பிரிவுக்கான நோட்டீஸ் உங்கள் கதவில் ஒட்டப்பட்டிருக்கலாம். சந்தேகம் இருந்தால், உங்கள் முன்னிலையில் நில அளவர் அளக்க வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள்.

ஒரு விதிவிலக்கைப் பலர் அறியாமலே பயந்து பணத்தை இழக்கிறார்கள் என்பதால் சற்று விரித்துச் சொல்கிறேன். அரசுப் பதிவேட்டில் உங்கள் இடம் ‘கிராம நத்தம்’ என்று இருந்தால் நிலைமை வேறு. நத்தம் என்பது காலங்காலமாக ஊரார் குடியிருக்க விடப்பட்ட நிலம். 1905-ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டமே, வீட்டு மனையாகவோ புழக்கடையாகவோ ஒருவருக்குச் சொந்தமாக உள்ள நிலத்தை அரசுச் சொத்திலிருந்து விலக்குகிறது. நத்தம் அரசுக்குச் சொந்தமல்ல என்று நீதிமன்றத் தீர்ப்புகளும் உள்ளன. ‘நத்தம்’ என்றாலே புறம்போக்குதான் என்று தரகர் மிரட்டினால் அதை நம்ப வேண்டாம். ஆனால் பத்திரம் எழுதியவர் ‘நத்தம்’ என்று சேர்த்துவிட்டால் மட்டும் ஏரி நத்தமாகிவிடாது. ஒவ்வொரு சர்வே எண்ணும் எந்த வகை நிலம் என்று காட்டும் வருவாய்த் துறையின் ‘அ’ பதிவேட்டில் இருப்பதுதான் கணக்கு. அதன் நகலை வட்டாட்சியர் அலுவலகத்தில் கேளுங்கள். தராவிட்டால் 10 ரூபாய் கட்டணத்துடன் தகவல் உரிமைச் சட்டப்படி மனுச் செய்யுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும்.

நோட்டீஸ் அதுவரை காத்திராது. 1905 சட்டத்தின் 7-ஆம் பிரிவின் கீழ் வந்திருந்தால், வெளியேற்றும் முன் உங்கள் விளக்கத்தைக் கேட்பதற்கான நோட்டீஸ் அது. குறிப்பிட்ட தேதிக்குள் ஒரு வழக்கறிஞரைக் கொண்டு பதில் எழுதி, ஆவண நகல்களை இணைத்து நேரில் கொடுங்கள். நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் பெறாமல் அங்கிருந்து திரும்பாதீர்கள்.