பரிசும் போச்சு, படம் காலண்டரில் வந்தாச்சு: கிளப் செய்தது சரியா?

கேள்வி: பெங்களூரு அல்சூரில் வசிக்கிறேன். எங்கள் பகுதி போட்டோகிராஃபி கிளப்பில் ஆறு வருடமாக உறுப்பினர். கிளப் பதிவு செய்யப்பட்ட சங்கம். இந்த வருடக் கண்காட்சிப் போட்டியில் ஓப்பன் மோனோகுரோம் (எந்தப் பொருளிலும் கருப்பு-வெள்ளைப் படம்) பிரிவில் என் படத்துக்கு முதல் பரிசு (5,000 ரூபாயும் கேடயமும்) அறிவித்தார்கள். கே.ஆர். மார்க்கெட்டில் விடிகாலையில் பூக்கட்டும் ஒரு பாட்டியின் படம் அது. பத்து நாள் கழித்து, பாட்டியின் தலைக்கு மேல் தொங்கிய ஒயரை நான் எடிட் செய்து நீக்கிவிட்டேன் என்று ஒருவர் புகார் தர, நிர்வாகக் குழு வாட்ஸ்அப்பில் ஒரே வரியில் பரிசை ரத்து செய்துவிட்டது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒயரை நீக்கியது உண்மைதான். ஆனால் அந்தப் பிரிவில் அதற்குத் தடை என்று விதியில் எங்கும் இல்லை. இதற்கிடையில் அதே படத்தை வெட்டி, ஒரு நகைக்கடை விளம்பரத்தோடு காலண்டரில் அச்சடித்து 200 ரூபாய்க்கு விற்கிறார்கள். என் பெயர் கிடையாது. கேட்டால், "படிவத்துல டிக் பண்ணீங்களே, படம் கிளப்புக்குத்தான் சொந்தம். எடுத்ததும் கிளப் லென்ஸ்லதானே?" என்கிறார் செயலாளர். பாட்டியின் பேரன் வேறு, "எங்க ஆயாவ வச்சு சம்பாதிக்கிறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார். இந்தக் கூத்தில், அடுத்த வருடப் போட்டிக்கு விதி எழுதும் குழுவில் என்னையே சேர்த்திருக்கிறார்கள். நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: நீங்கள் அனுப்பிய மூலப் படத்தையும் காலண்டர் பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மூலப் படத்தில் பாட்டி வாழைநாரின் ஒரு நுனியைப் பல்லில் கடித்திருக்கிறார். இடது ஓரத்தில் கனகாம்பரக் குவியல். வலது ஓரத்திலிருந்து ஒரு பையனின் கை மட்டும் டீ கிளாஸை நீட்டுகிறது. காலண்டரில் குவியலும் இல்லை, டீயும் இல்லை. பாட்டியின் நெற்றிக்கு மேல் நகைக்கடையின் பெயர் தங்க எழுத்தில் இருக்கிறது. படத்தின் உயிரே அந்த நீட்டிய கைதான் என்று எனக்குப் பட்டது. இதை ரசிகனாக மட்டும் சொல்லவில்லை, சட்டத்திலும் இதற்கு ஒரு இடம் உண்டு. பின்னால் வருகிறேன்.

முதலில் லென்ஸ் விஷயத்தை முடித்துவிடுவோம். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, புகைப்படத்தின் ஆசிரியர் அதை எடுத்தவர்தான். லென்ஸ் யாருடையது, கேமராவுக்கு யார் பணம் கட்டினார் என்பதெல்லாம் கணக்கில் வராது. கல்யாண ஆல்பம் மாதிரி, ஒருவர் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படம் என்றால் கதை வேறு. உங்களை யாரும் காசு கொடுத்து மார்க்கெட்டுக்கு அனுப்பவில்லையே! ஆகவே உரிமை உங்களுடையது. எங்கும் பதிவு செய்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. 2012 திருத்தத்துக்குப் பிறகு புகைப்படத்துக்கும் ஆசிரியரின் ஆயுட்காலம், அதற்கு மேல் 60 வருடம் என்று பாதுகாப்பு இருக்கிறது.

அடுத்து அந்த டிக். உங்கள் கூகுள் படிவத்தில் இருப்பது ஒரே வரி: "சமர்ப்பிக்கப்படும் படங்களின் முழு உரிமையும் கிளப்பைச் சேரும்." நாட்டில் பாதி கிளப்புகள் இப்படி ஒரு வரியை யாரோ எப்போதோ எழுதியதிலிருந்து எடுத்து ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அது தங்களுக்கு என்ன தருகிறது என்று யாரும் படித்துப் பார்ப்பதில்லை. சட்டத்தின் 19ஆவது பிரிவு, பதிப்புரிமையை ஒருவர் இன்னொருவருக்கு மாற்றிக் கொடுப்பதற்குச் சில நிபந்தனைகளை வைத்திருக்கிறது. மாற்றம் எழுத்தில் இருக்க வேண்டும், உரிமையாளர் கையெழுத்திட வேண்டும். எந்தப் படைப்பு, எந்தெந்த உரிமை, எவ்வளவு காலம், எந்த நிலப்பரப்பு, பணம் எவ்வளவு என்பதையும் சொல்ல வேண்டும். காலம், நிலப்பரப்பு, பணம் பற்றி உங்கள் படிவத்தில் ஒரு வார்த்தைகூட இல்லை. வெறும் டிக்கைக் கையெழுத்தாக ஏற்க முடியுமா என்பதே தனி வாதம்.

சரி, ஏற்றுக்கொண்டதாகவே வையுங்கள். அப்போதும் காலம் சொல்லப்படாத இடத்தில் சட்டம் 5 வருடம் என்று எடுத்துக்கொள்ளும், இடம் சொல்லப்படாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். வாங்கிய உரிமையை ஒரு வருடத்துக்குள் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லியிருந்தால் ஒழிய, அது காலாவதியாகிவிடும். செயலாளர் நினைப்பதுபோல் காலாகாலத்துக்கும் கிளப்பின் சொத்தாகிவிடாது.

கிளப்பின் வக்கீல் கெட்டிக்காரராக இருந்தால், "இது உரிமை மாற்றம் அல்ல, பயன்படுத்த அனுமதிக்கும் வெறும் லைசென்ஸ்" என்று பல்டி அடிப்பார். அவர் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் செய்வேன். லைசென்ஸுக்கு எழுத்து போதும்; "கையெழுத்து கட்டாயம்" என்ற வாசகத்தை 2012இல் எடுத்துவிட்டார்கள். ஆனால் லைசென்ஸ் என்றால் எதற்கு என்ற கேள்வி வருமே? படிவத்தின் தலைப்பிலேயே "கண்காட்சிக்கான நுழைவு" என்று இருக்கிறது. கண்காட்சியில் மாட்டலாம், கேட்டலாக்கில் போடலாம். நகைக்கடைக் காலண்டரை அதற்குள் திணிப்பது கஷ்டம்.

இப்போது அந்த டீ கிளாஸுக்கு வருவோம். 57ஆவது பிரிவு படைப்பாளிக்கு இரண்டு தனி உரிமைகளைத் தருகிறது. இது என் படைப்பு என்று சொல்லிக்கொள்ளும் உரிமை ஒன்று, தன் மதிப்புக்கோ பெயருக்கோ குந்தகம் வரும்படி படைப்பைச் சிதைத்தால் தடுக்கும் உரிமை இன்னொன்று. பதிப்புரிமையை முழுவதுமாக எழுதிக் கொடுத்த பிறகும் இவை போகாது. சிற்பி அமர்நாத் சேகல் டெல்லி விஞ்ஞான் பவனுக்குச் செய்த பிரம்மாண்ட வெண்கலச் சுவர்ச்சிற்பத்தை 1979இல் அரசு கழற்றிக் கிடங்கில் போட்டது. அரசின் சொத்து, என்ன வேண்டுமானாலும் செய்வோம் என்ற வாதம் எடுபடவில்லை. மிச்சமிருந்த துண்டுகளைச் சிற்பியிடம் ஒப்படைக்கவும், 5 லட்சம் ரூபாய் தரவும் டெல்லி உயர் நீதிமன்றம் 2005இல் உத்தரவிட்டது. உங்கள் விஷயத்தில் பெயர் போடாததுதான் பலமான புள்ளி. வெட்டியதும் விளம்பரம் ஒட்டியதும் உங்கள் பெயருக்குக் குந்தகம் என்பதை வாதாடித்தான் நிறுவ வேண்டும். மூலப் படம் கையில் இருப்பதால் வாதம் சுலபம். ஒன்று மட்டும் இதில் கேட்க முடியாது: படத்தைக் கண்காட்சிச் சுவரிலிருந்து எடுத்துவிட்டால், அது 57ஆவது பிரிவின்படி உரிமை மீறல் ஆகாது.

பரிசு ரத்துக்கு வருகிறேன். விதியை வெளியிட்டு, கட்டணம் வாங்கி, படத்தைப் பெற்றுக்கொண்டால் அங்கே ஒரு ஒப்பந்தம் உண்டாகிவிடுகிறது. விதி உங்களைக் கட்டுவதுபோல் கிளப்பையும் கட்டும். படிவத்தில் "அந்நிய அம்சங்களைச் சேர்ப்பதோ நீக்குவதோ கூடாது" என்ற வரி இயற்கை, பயணம் என்ற இரண்டு பிரிவுகளுக்குக் கீழே மட்டும்தான் இருக்கிறது. ஓப்பன் மோனோகுரோமில் இல்லை. படங்களைப் பெற்று முடித்த பிறகு அந்த வரியை இழுத்துக்கொண்டு வந்து ஓப்பனில் போர்த்த முடியாது.

"நடுவர் தீர்ப்பே இறுதியானது" என்ற விதியைக் காட்டிச் செயலாளர் பேசுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நடுவர்கள் பரிசு கொடுத்தார்கள். ரத்து செய்தது நிர்வாகக் குழு. அந்த விதி யார் பக்கம் பேசுகிறது?

எந்தப் படம் அழகு என்பதில் நீதிமன்றம் தலையிடாது. கிளப் தன் விதிப்படி நடந்ததா, நல்லெண்ணத்தோடு நடந்ததா, சம்பந்தப்பட்டவருக்குச் சொல்ல வாய்ப்பு கொடுத்ததா என்பதை மட்டும் பார்க்கும். பெல்காம் ஃப்ரீமேசன் லாட்ஜ் (தங்கும் விடுதி அல்ல, ஒரு உறுப்பினர் சங்கத்தின் கிளை) ஒன்றிலிருந்து நீக்கப்பட்ட டி.பி. தாவர் என்பவரின் வழக்கில் 1962இல் உச்ச நீதிமன்றம் போட்ட பாதை இது. அந்த வழக்கில் உறுப்பினர் தோற்றார் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் லாட்ஜ் அவருக்கு நோட்டீஸ் கொடுத்து விசாரித்திருந்தது. உங்கள் கிளப் கொடுத்தது ஒரு வாட்ஸ்அப் வரி.

பரிசைத் திரும்பப் பெறவே கூடாது என்றில்லை. 2017இல் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் காட்டுயிர்ப் போட்டியில் வென்ற ஒரு இரவுப் படத்தில் இருந்தது உயிருள்ள எறும்புத்தின்னி அல்ல, பாடம் செய்யப்பட்ட பொம்மை என்று புகார் வந்தது. ஐந்து நிபுணர்கள் தனித்தனியாகப் படத்தை ஆராய்ந்தார்கள், எடுத்தவரிடம் மூலக் கோப்புகளும் விளக்கமும் கேட்டார்கள். அப்புறம்தான் 2018இல் பரிசை ரத்து செய்தார்கள். உள்ளூர் கிளப்புக்கு ஐந்து நிபுணர் தேவையில்லை, ஒரு மின்னஞ்சல் அனுப்பி ரா ஃபைலை (கேமரா பதிவு செய்த மூலக் கோப்பை) கேட்டிருந்தால் போதும்.

பேரனின் கேள்விதான் எனக்கு இதில் கனமானது. பொது இடத்தில் ஒருவரைப் படமெடுத்துக் கண்காட்சியில் வைப்பதைத் தடுக்கும் தனிச் சட்டம் கிடையாது. ஆனால் ஒருவரின் முகத்தை அவர் சம்மதம் இல்லாமல் விளம்பரத்துக்குப் பயன்படுத்தினால் அது அந்தரங்க உரிமை மீறல் என்று உச்ச நீதிமன்றம் 1994இலேயே சொல்லிவிட்டது. நம் எல்லோருக்கும் தெரிந்த ஆட்டோ சங்கர் சுயசரிதை வழக்கு அது. நக்கீரன் கோபால் போட்டது. ஆகவே பாட்டியின் வழக்கு, போட்டால், முதலில் கிளப் மீதும் நகைக்கடை மீதும்தான் பாயும். நீங்கள் காலண்டருக்குச் சம்மதிக்கவில்லை என்பதை எழுத்தில் பதிவு செய்துவைப்பது உங்களுக்கும் பாதுகாப்பு. ஆயாவைப் போய் நேரில் பார்த்துவிட்டு வாருங்கள். படத்தின் ஒரு நல்ல பிரின்ட்டை ஃபிரேம் போட்டுக் கொடுங்கள், வெட்டாத படத்தை. காலண்டருக்கு இழப்பீடு ஏதாவது வந்தால் அதில் ஒரு பங்கு அவருக்கு என்று கிளப்புக்கு எழுதும் கடிதத்திலேயே சேருங்கள். இது சட்டக் கடமை அல்ல, என் யோசனை.

என்ன செய்யலாம்? போலீஸுக்குப் போகாதீர்கள். பதிப்புரிமை மீறலுக்கு 6 மாதத்திலிருந்து 3 வருடம் வரை சிறை உண்டு, அது ஜாமீனில் விட முடியாத குற்றம் என்று 2022இல் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைதோறும் லால்பாக்கில் சேர்ந்து டீ குடிக்கும் மனிதர்கள்மேல் ஏவுகிற ஆயுதம் அல்ல அது. முதலில் தலைவர், செயலாளர் இருவருக்கும் பதிவுத் தபாலில் ஒரு கடிதம், நகல் நகைக்கடைக்கு. விற்காத காலண்டர்களை நிறுத்த வேண்டும், விற்பதானால் உங்கள் பெயர் அச்சிட்ட ஸ்டிக்கர் ஒட்டி உங்கள் சம்மதத்தோடுதான். படத்துக்கு ஒரு நியாயமான கட்டணம். பரிசு ரத்தை நிறுத்தி வைத்து விசாரணை. 15 நாள் அவகாசம் கொடுங்கள். பெரும்பாலும் நகைக்கடைக்காரர்தான் முதலில் போன் செய்வார், கவனித்துக்கொள்ளுங்கள்.

அசையவில்லை என்றால், 1960ஆம் ஆண்டின் கர்நாடகச் சங்கங்கள் பதிவுச் சட்டம், பிரிவு 25. மூன்றில் ஒரு பங்கு உறுப்பினர்கள் கையெழுத்திட்டுக் கேட்டால், சங்கத்தின் நடப்புகளைப் பதிவாளர் விசாரித்தே ஆக வேண்டும். காலண்டர் பணம் எந்தக் கணக்கில் போனது என்ற கேள்வியும் அங்கே தானாக எழும். நீதிமன்றம் கடைசி. காலண்டருக்காக நகர சிவில் நீதிமன்றத்தில் தடையுத்தரவு கேட்கலாம், 5,000 ரூபாய்ப் பரிசுக்காக மட்டும் போகச் சொல்லமாட்டேன். வக்கீல் ஃபீஸ் அதைவிட அதிகம், என்னுடையதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

விதி எழுதும் குழுவில் இருங்கள், விலகாதீர்கள். உங்கள் புகார் பேசப்படும் கூட்டத்தில் மட்டும் எழுந்து வெளியே போய்விடுங்கள், அதை மினிட்ஸில் பதியச் சொல்லுங்கள். புதிய விதி பழைய போட்டிகளுக்கும் பொருந்தும் என்று ஒரு வரி நைசாக நுழைகிறதா என்று பாருங்கள். நுழைந்தால், உங்கள் பரிசை ரத்து செய்ததை நியாயப்படுத்த அதையே காட்டுவார்கள்.

உரிமை வரியை இப்படி எழுதலாம்: "இந்தப் போட்டியின் கண்காட்சி, கேட்டலாக், கிளப்பின் சமூக வலைத்தளப் பக்கம் ஆகிய மூன்றுக்கு மட்டும், எடுத்தவர் பெயரோடு, இரண்டு ஆண்டுகளுக்குப் படத்தைப் பயன்படுத்த அனுமதிக்கிறேன். மற்ற உரிமைகள் அனைத்தும் என்னிடமே இருக்கும். விளம்பரதாரர் பயன்பாட்டுக்கு ஒவ்வொரு முறையும் தனி எழுத்து அனுமதி வேண்டும்." எடிட்டிங் விதியைப் பொதுவாக எழுதாதீர்கள், பிரிவுவாரியாக எழுதுங்கள். இயற்கைப் பிரிவுக்கு ஃபியாப், பி.எஸ்.ஏ. போன்ற சர்வதேச அமைப்புகள் பொதுவாக ஏற்றுக்கொண்ட வரையறையையே எடுத்துக்கொள்ளலாம்: கிராப் செய்யலாம், எதையும் சேர்க்கவோ நகர்த்தவோ நீக்கவோ கூடாது. ஓப்பனில் ஒயர், குப்பைக்கூடை நீக்கலாமா கூடாதா என்று ஒரே வாக்கியத்தில் முடிவு சொல்லிவிடுங்கள்.

ஏஐக்குத் தனி வரி வேண்டும். 2023இல் சோனி உலகப் புகைப்பட விருதுகளில் ஒரு பிரிவில் வென்ற போரிஸ் எல்டாக்சன், படம் ஏஐ உருவாக்கியது என்று சொல்லிப் பரிசை மறுத்தார். மறு வருடம் இன்னொரு போட்டியின் ஏஐ பிரிவில் ஒருவர் நிஜமான பூநாரைப் படத்தை அனுப்பிப் பரிசு வாங்கி, உண்மையைச் சொன்னதும் இழந்தார். ஒயரை நீக்க ஃபோட்டோஷாப்பின் ஜெனரேட்டிவ் ஃபில் (நீக்கிய இடத்தைத் தானே நிரப்பும் வசதி) பயன்படுத்தினால் அது ஏஐயா என்று அடுத்த சண்டை வரும், இப்போதே தீர்த்து வையுங்கள். புகார் செய்ய முடிவு அறிவித்த நாளிலிருந்து ஏழு நாள், பெயர் போட்டு எழுத்தில். எடுத்தவர் ரா ஃபைலோடு பதில் சொல்ல ஏழு நாள். முடிவு நடுவர்களுடையது, நிர்வாகக் குழுவுக்கு அதில் வேலை இல்லை. தன் மாணவர், உறவினர் படம் வந்தால் நடுவர் அந்தச் சுற்றில் மார்க் போடக் கூடாது.

கடைசியாக ஒரு அவசரம். கூகுள் படிவத்தை அவர்கள் எந்த நிமிடமும் திருத்தலாம். இந்தப் பதிலைப் படித்து முடித்த கையோடு, படிவத்தின் ஒவ்வொரு பக்கத்தையும், வாட்ஸ்அப்பில் வந்த ரத்து அறிவிப்பையும் தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். அந்த போனை மாற்றாதீர்கள், விற்காதீர்கள். வழக்கு என்று வந்தால் 2023ஆம் ஆண்டின் புதிய சாட்சியச் சட்டத்தின் (பாரதிய சாக்ஷ்ய அதினியம்) 63ஆவது பிரிவின்படி மின்னணுச் சான்றிதழ் கொடுக்க வேண்டியிருக்கும், அதற்கு அந்தக் கருவி தேவைப்படலாம். ரா ஃபைலை ஒரு பென் டிரைவிலும் போட்டுப் பீரோவில் வையுங்கள்.