ராத்திரி இரண்டு மணிக்கு யார் சொல்வதைக் கேட்பது?

கேள்வி: அம்பாசமுத்திரம் வட்டாரத்தில் 60 படுக்கை உள்ள தனியார் மருத்துவமனையில் நர்சிங் சூப்பரின்டெண்டாக இருக்கிறேன். 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஆளாளுக்கு ஓடி எப்படியோ சமாளித்தோம். இப்போது நிர்வாகம் எல்லோரையும் 'இன்சிடென்ட் கமாண்ட்' பயிற்சி, அதாவது ஆபத்து நேரத்தில் யார் தலைவர், யாருக்கு என்ன பொறுப்பு என்று வகுத்துக்கொள்ளும் முறைக்கான பயிற்சி, எடுக்கச் சொல்கிறது. கையில் கிடைத்த அமெரிக்க மாதிரி வரைபடத்தைப் பார்த்தால் பக்கம் முழுக்கக் கட்டம் கட்டமாகப் பொறுப்புகள். இரவு ஷிப்டில் டியூட்டி டாக்டரையும் சேர்த்து எங்களிடம் இருப்பது பதினொரு பேர். இது எங்களுக்கு ஒத்துவருமா? இரண்டு நாள் சான்றிதழ் வகுப்புக்கு ஆள் அனுப்பினால் போதுமா?

பதில்: வரைபடத்தைப் பார்த்து மலைக்க வேண்டாம். அதில் உள்ள எல்லாக் கட்டத்துக்கும் ஆள் போட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. பிரித்துக் கொடுக்காத வேலையெல்லாம் தலைமைப் பொறுப்பில் இருப்பவரிடமே தங்கும். கூட்டம் கூடக்கூட, ஆள் வரவர, ஒவ்வொன்றாகப் பிரித்துக் கொடுப்பார். அந்த முறையின் அடிப்படையே இதுதான். பதினொரு பேருக்கு ஒரு தலைவரும் இரண்டு மூன்று பொறுப்பாளர்களும் தாராளம். ஒருவர் நேரடியாகக் கவனிக்கக்கூடியது மூன்று முதல் ஏழு பேரை. ஐந்து பேர் என்றால் வசதி.

இந்த ஏற்பாடு மருத்துவமனையில் பிறந்தது இல்லை. 1970-இல் கலிஃபோர்னியாவில் காடுகள் பற்றி எரிந்தபோது பல துறைகளின் தீயணைப்பு வண்டிகள் வந்து நின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு அதிகாரி, ஒரு ரேடியோ, ஒரு பாஷை. தண்ணீரும் ஆளும் இருந்தும், யார் சொல்வதைக் கேட்பது என்று தெரியாமல் திணறினார்கள். அதிலிருந்து உருவானதைத்தான் பிற்பாடு மருத்துவமனைகளுக்கும் மாற்றி எடுத்துக்கொண்டார்கள். நம் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையமும் 2010-இல் நம் நிர்வாக அமைப்புக்கு ஏற்ப ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. மருத்துவமனைப் பாதுகாப்புக்கென்று 2016-இல் தனியாக ஒன்று வந்தது. உங்கள் மானேஜரிடம் அமெரிக்க வரைபடத்தை வைத்துவிட்டு இந்த இரண்டையும் எடுக்கச் சொல்லுங்கள்.

இனி உங்கள் உண்மையான சிக்கலுக்கு வருவோம். ராத்திரி இரண்டு மணிக்குத் தலைவர் யார்? பெரும்பாலான மருத்துவமனைகளில் இதற்குப் பதில், நிர்வாக இயக்குநரான "எம்.டி. சாருக்குப் போன் போடுவோம்." போன் கிடைக்காவிட்டால், "சார் வந்துரட்டும்." 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலே நின்றுபோனது. பல ஊர்களில் செல்போன் கோபுரங்கள் செத்துக் கிடந்தன. அந்த மாதிரி ராத்திரியில் சார் வர மாட்டார், வரவும் முடியாது.

அந்த நேரத்தில் தலைமை டியூட்டி டாக்டரிடம் இருக்கக் கூடாது என்பது என் கருத்து. இதை ஒப்புக்கொள்ளாத டாக்டர்கள் நிறைய. ஆனால் அங்கே இருக்கும் ஒரே டாக்டரின் கை நோயாளி மேல் இருக்க வேண்டும். ஒரு பக்கம் ட்யூப் போட்டுக்கொண்டே, மறுபக்கம் டீசல் எவ்வளவு இருக்கிறது, எந்த வார்டை மேலே ஏற்றுவது என்று முடிவெடுக்க எவராலும் ஆகாது. இரவு இன்சார்ஜ் சிஸ்டர்தான் தலைவராக இருக்க வேண்டும். எந்தக் கட்டிலில் யார், யாருக்கு ஆக்சிஜன் போகிறது, எந்த ஆயாவுக்கு முழங்கால் வலி என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். சிகிச்சை சம்பந்தப்பட்ட முடிவு டாக்டருடையது; ஆள், இடம், பொருள் மூன்றும் சிஸ்டருடையது.

சும்மா வாயால் சொன்னால் இது நடக்காது. சிஸ்டர் சொல்லி டாக்டர் கேட்பதா என்ற முணுமுணுப்பு வரும். அதனால் எம்.டி. கையெழுத்திட்ட ஒரு பக்கக் கடிதம் வேண்டும்: அவசர நிலையை அறிவிக்க, நோயாளிகளை இடம் மாற்ற, 108-ஐயும் 112-ஐயும் அழைக்க, கலெக்டர் அலுவலகக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077-இல் பேச, இத்தனை ரூபாய் வரை செலவழிக்க இரவு இன்சார்ஜுக்கு அதிகாரம் உண்டு என்று. கடைசியாகச் சொன்னதைக் கேட்டு நிர்வாகம் முகம் சுளிக்கும். விடாதீர்கள். பூட்டிய கேஷ் கவுண்டருக்கு முன்னால் நின்றுகொண்டு டீசல் வாங்க முடியாது.

எம்.டி. மூன்றரை மணிக்கு நனைந்துகொண்டு வந்து சேர்கிறார் என்று வையுங்கள். வாசலில் கால் வைத்ததுமே அவர் தலைவர் ஆகிவிட மாட்டார். சிஸ்டர் நிலவரத்தைச் சொல்ல வேண்டும். அவர் கேட்டுவிட்டு, எல்லோர் காதிலும் விழும்படி "இனி நான் பொறுப்பு" என்று சொல்ல வேண்டும். நோட்டில் மணி எழுத வேண்டும். அதுவரை அவர் கூடுதலாக வந்த இன்னொரு டாக்டர், அவ்வளவுதான். பயிற்சியில் இந்தக் கைமாற்றலை மட்டும் பலமுறை நடித்துப் பாருங்கள். சொதப்புவது பெரும்பாலும் இங்கேதான். இரண்டு பேர் ஒரே நேரத்தில் உத்தரவு போட, ஒரு நோயாளி படிக்கட்டு நடுவில் நிற்பார்.

ஒவ்வொரு பொறுப்புக்கும் ஒரு அட்டை தயார் செய்யுங்கள்: லேமினேட் செய்தது, தமிழில், பெரிய எழுத்தில். ஆள் பெயர் வேண்டாம், பொறுப்பு மட்டும். தலைவரின் அட்டை இப்படி இருக்கலாம்: "மஞ்சள் அங்கியைப் போடு. மணி எழுது. டாக்டர், செக்யூரிட்டி, எலக்ட்ரீஷியன் மூவரையும் நர்சிங் ஸ்டேஷனுக்கு அழை. எத்தனை நோயாளிகள், எத்தனை பேர் நடப்பார்கள், எத்தனை பேர் ஆக்சிஜனில் என்று கேள். அட்டைகளைக் கொடு. அரை மணிக்கு ஒருமுறை எல்லோரிடமும் நிலவரம் கேள்." பத்து வரிக்கு மேல் போனால் யாரும் படிக்க மாட்டார்கள். அட்டைகளும் அங்கியும் டார்ச்சும் ஒரே பெட்டியில் இருக்கட்டும். அந்தப் பெட்டிக்குப் பூட்டு கூடாது.

எலக்ட்ரீஷியனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நம் பக்கத்து மருத்துவமனைகளில் ஜெனரேட்டர் எப்படி மாறும், ஆக்சிஜன் பைப்பை எங்கே மூட வேண்டும் என்று தெரிந்தவர் ஒரே ஒரு அண்ணாச்சிதான். அவர் லீவில் இருந்தால் மருத்துவமனையே லீவில் இருக்கிற மாதிரி. இரவு ஷிப்டில் குறைந்தது மூன்று பேர், அவர்களில் ஒருவர் செக்யூரிட்டி, அந்த இரண்டு வேலையையும் தங்கள் கையால் செய்து காட்ட வேண்டும். ஜெனரேட்டர் தரைத்தளத்தில் இருந்தால் எந்தப் பயிற்சியும் அதைக் காப்பாற்றாது. முதலில் மேடை போட்டு உயர்த்துங்கள்.

ஆக்சிஜன் கணக்கையும் சிஸ்டர்கள் மனதிலேயே போடப் பழக வேண்டும். நிரம்பிய ஜம்போ சிலிண்டரில் ஏறத்தாழ 7,000 லிட்டர். ஐந்து பேருக்கு நிமிடத்துக்கு 10 லிட்டர் வீதம் போனால் அது இரண்டேகால் மணி நேரம்தான் தாங்கும். 1,500 லிட்டர் பிடிக்கும் பி வகை சிலிண்டர் அதே வீதத்தில் ஒரே நோயாளிக்கு இரண்டரை மணி நேரம். வெள்ளத்தில் சிலிண்டர் லாரி எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்?

வெள்ளத்துக்கு எப்போது மணி அடிப்பது என்பதை முன்கூட்டியே எழுதிவையுங்கள். வாசலில் தண்ணீர் வந்த பிறகு அறிவிப்பதில் பயனில்லை. பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு அணைகளிலிருந்து உபரிநீர் திறப்பதாகக் கலெக்டரின் எச்சரிக்கை வந்தாலே அவசர நிலை தொடங்க வேண்டும். ஐசியூ நோயாளிகளைத் திருநெல்வேலி ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனைக்கு ரெஃபர் பண்ணுவதானால் ரோடு திறந்திருக்கும்போதே பண்ணுங்கள். அவர்களுக்குத்தான் ஆம்புலன்ஸும் நேரமும் அதிகம் தேவை. ரோடு போய்விட்டால் வெளியே கொண்டுபோகும் யோசனையைக் கைவிட்டு மாடிக்கு ஏற்றுங்கள்.

தீ என்றால் கணக்கு தலைகீழ். தீக்குப் பக்கத்தில் இருப்பவர் முதலில், பிறகு நடக்கக்கூடியவர்கள். எல்லோரையும் முதலில் அதே தளத்தில் கதவு தாண்டி அடுத்த பகுதிக்கு, அதன் பிறகே கீழே. லிப்ட் கூடவே கூடாது. 2024 டிசம்பரில் திண்டுக்கல்லில் ஒரு தனியார் மருத்துவமனைத் தீயில் லிப்டுக்குள் சிக்கியவர்களை நாம் மறந்துவிடக் கூடாது.

பஸ் விபத்து வந்தால் லேசான காயக்காரர்கள்தான் ஆட்டோ பிடித்து முதலில் வருவார்கள். உயிருக்குப் போராடுபவர்கள் 108-இல் பின்னால் வருவார்கள். முதலில் வந்தவர்களைக் கேஷுவாலிட்டிக்குள் விட்டு எல்லாக் கட்டிலையும் நிரப்பிவிடாதீர்கள். நடந்து வந்தவர்களுக்கு ஓ.பி. வராந்தா போதும். ஒரு நோயாளிக்குப் பத்துச் சொந்தக்காரர்கள் வருவது நம் ஊர் வழக்கம். அவர்களிடம் பேச ரிசப்ஷனில் ஒருவரை மட்டும் பெயர்ப் பட்டியலோடு உட்கார வையுங்கள். அவரைத் தவிர யாரும் எதுவும் சொல்லக் கூடாது. வாட்ஸப்பில் அதற்குள் பத்துப் பேர் இறந்திருப்பார்கள்.

பயிற்சியைப் பகல் பதினொரு மணிக்கு, பேனர் கட்டி, போட்டோகிராபரை வைத்து நடத்தாதீர்கள். இரவு எட்டு மணி ஹேண்ட்ஓவரில் இரண்டு ஷிப்டும் இருக்கும்போது ஒரு மேசையைச் சுற்றி நாற்பது நிமிடம் போதும். "கரண்ட் போயிருச்சு, ஜெனரேட்டர் எடுக்கல, ஐசியூல ரெண்டு வென்டிலேட்டர். யாரு என்ன செய்வீக?" என்று கேளுங்கள். பதிலில் தெரிந்துவிடும் ஓட்டை. அன்றைக்கே கால் மணி நேரம் உட்கார்ந்து, யாரையும் திட்டாமல், சரிசெய்ய வேண்டியதில் மூன்றை மட்டும் எழுதி, அடுத்த மாதம் அந்த மூன்றையும் பாருங்கள். இப்படி மூன்று நான்கு முறை ஆன பிறகு தீயணைப்புத் துறையை அழைத்து முழு ஒத்திகை நடத்தலாம். கேட்டால் வந்து செய்து காட்டுவார்கள்.

சான்றிதழ் வகுப்புக்கு இரண்டு பேர் போதும்: அடிக்கடி இரவு பார்க்கும் ஒரு இன்சார்ஜ் சிஸ்டர், கூடவே அந்த அண்ணாச்சி. மானேஜர்களை அனுப்பினால் அவர்கள் திரும்பி வந்து பவர்பாயின்ட் போடுவார்கள். போய் வந்த இருவரும் மற்ற ஷிப்டுகளுக்குச் சொல்லிக்கொடுப்பதை டியூட்டி நேரமாகக் கணக்கில் எடுங்கள், ஓய்வு நாளில் வரச்சொல்ல வேண்டாம். வடகிழக்கு மழை ஐப்பசியில் பிடித்துக்கொள்ளும். கடிதமும் அட்டைகளும் முதல் மேசைப் பயிற்சியும் புரட்டாசிக்குள் முடிந்திருக்க வேண்டும்.