யூதப் பள்ளிக்கூடத்தில் வேதத்தைத் தவிர வேறு ஏதாவது சொல்லிக்கொடுப்பார்களா?

"யூத மதப் பள்ளிகளில் சின்னப் பிள்ளைகளை நாள் முழுக்க வேதம் ஓத வைப்பார்களாமே, கணக்கு, விஞ்ஞானம் எல்லாம் உண்டா? இது மூளைச்சலவை இல்லையா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கேட்ட விதத்தைப் பார்த்தால் லண்டனுக்குப் புதிதாக வந்தவர் என்று நினைக்கிறேன். யூதர்கள் நிறைய இருக்கும் கோல்டர்ஸ் கிரீன் பக்கம் பஸ்ஸில் போயிருப்பீர்கள். உச்சந்தலையில் வட்டத் தொப்பியும் இடுப்பில் தொங்கும் வெள்ளை நூலுமாக நாலு பெடியன்கள் ஏறியிருப்பார்கள். மிச்சமெல்லாம் நீங்களே கற்பனை செய்துகொண்டது. கோபிக்க வேண்டாம், நானும் அப்படித்தான் இருந்தேன்.

வட லண்டனில் ஒரு யூத ஆரம்பப் பள்ளியில் பதினொரு வருடமாக வகுப்பு உதவியாளராக இருக்கிறேன். சொந்த ஊர் யாழ்ப்பாணம், சைவம். பொட்டு வைத்துக்கொண்டுதான் வேலைக்குப் போகிறேன். ஒரு பிள்ளை மட்டும் ஒருநாள் "மிஸ், நெற்றியில் பேனை பட்டிருக்கிறது" என்று ஈரத்துணி கொண்டுவந்தது. மற்றபடி யாரும் ஒன்றும் சொன்னதில்லை.

இஸ்ரேல், காசா பற்றிச் சண்டை பிடிக்க வருகிறவர்கள் இங்கே வேண்டாம். அதில் எனக்கும் கருத்து உண்டு, இந்தக் கேள்விக்கு அது தேவையில்லை. ஆறு வயதுப் பிள்ளையின் சப்பாத்து நாடாவை யார் கட்டிவிடுவது என்பதுதான் என் துறை.

சரி, பதில். கணக்கும் உண்டு, விஞ்ஞானமும் உண்டு. எங்கள் பள்ளி அரசுப் பணத்தில் நடப்பது. இங்கிலாந்தின் மற்றப் பிள்ளைகள் படிக்கும் அதே பாடத்திட்டம், ஆறாம் வகுப்பில் அதே சாட்ஸ் பரீட்சை. பள்ளிகளைப் பார்வையிடும் அரசின் அதே ஆஃப்ஸ்டெட் ஆட்கள் வந்து பின்வாங்கில் இருந்து குறிப்பெடுப்பார்கள். சமயப் பாடத்தைப் பார்வையிடத்தான் பிக்குவாஹ் என்று யூதர்களின் தனி ஏற்பாடு இருக்கிறது. நேர அட்டவணையில் இரண்டு சொல் வரும்: கோடெஷ், ஹோல். கோடெஷ் என்றால் புனிதம். ஹோல் என்றால் சாதாரணம். ஏழாம் வாய்ப்பாடு ஹோல். வேதத்தில் வரும் நோவா வெள்ளத்துக்குத் தப்பக் கப்பல் கட்டியது கோடெஷ். எங்களிடம் நாளில் கால்வாசி கோடெஷ், மிச்சம் ஹோல்.

எல்லா இடத்திலும் இப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. லண்டனிலேயே ஸ்டாம்ஃபர்ட் ஹில் பக்கத்து ஹரேடிகள், அதாவது கடும் ஆசாரமான யூதர்கள், அவர்களின் ஆண் பிள்ளைகள் பள்ளிகள் சிலவற்றில் ஆங்கிலத்துக்கும் கணக்குக்கும் கொஞ்ச நேரம்தான், அரசுக்கும் அவர்களுக்கும் அதில் வருடக்கணக்கான இழுபறி. அதற்கு நேர் எதிராக, பர்மிங்காமில் கிங் டேவிட் என்று ஒரு யூத ஆரம்பப் பள்ளி இருக்கிறது. அங்கே படிப்பவர்களில் பாதிக்கு மேல் முஸ்லிம் பிள்ளைகள். அவர்களும் ஹீப்ரு படிக்கிறார்கள். "யூதப் பள்ளி" என்று ஒரு சொல்லில் அடக்க முடியாது என்பதற்காகச் சொன்னேன்.

இனி என் கதை. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் கிழமை. முதலாம் வகுப்பு. பாடம் முடிந்து மேசை துடைத்துக்கொண்டிருந்தேன். ஹீப்ருப் பயிற்சித் தாள்கள் பசை ஒட்டியும் கிழிந்தும் கிடந்தன. எல்லாவற்றையும் அள்ளிக் குப்பைக் கூடையில் போட்டேன். பின்னால் ஒரு கத்தல். "மிஸ்! அது ஷேமோஸ்!" முன்பல் இரண்டும் விழுந்த பெடியன், முகம் வெளிறிப்போய் நிற்கிறான். கூடைக்குள் தலையை விட்டு ஒவ்வொரு தாளாக எடுத்துத் திருப்பிப் பார்த்தான். இரண்டை மட்டும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, "இதுகள் பரவாயில்லை, வெறும் ஆப்பிள் படம்தான்" என்று மிச்சத்தைத் திரும்பப் போட்டான்.

ஆண்டவன் பெயர் எழுதிய தாளை அவர்கள் எறிய மாட்டார்கள். வகுப்புக்கு வெளியே அதற்கென்று ஒரு பெட்டி இருக்கிறது. நிறைந்ததும் கொண்டுபோய் மண்ணில் புதைப்பார்கள், மனிதரைப் புதைப்பது போல. பழைய காலத்தில் கெய்ரோவில் ஒரு தொழுகைக்கூடத்தின் அறைக்குள் நூற்றாண்டுக் கணக்காகப் போட்டுவைத்த தாள்களில் பெரும்பகுதி இப்போது கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. அதற்குள் சின்னப் பிள்ளைகள் ஹீப்ரு எழுத்து எழுதிப் பழகிய தாள்களும் உண்டு. நான் கூடையில் போட்டது மாதிரித் தாள்கள்தான். எறிய மனம் வராமல் யாரோ வைத்ததால் எஞ்சியிருக்கின்றன.

எங்களுக்கு மட்டும் இது புதுசா? புத்தகத்தில் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறவர்கள்தானே நாங்கள். அவர்களின் பிள்ளைகள் பிரார்த்தனைப் புத்தகம் கீழே விழுந்தால் எடுத்து முத்தமிடுவார்கள். 1981 இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது எனக்கு ஒன்பது வயது. 97,000 புத்தகம் என்று சொல்வார்கள். சில நாள் கழித்து அப்பா சைக்கிள் பாரில் இருத்திக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினார். பக்கத்தில் ஒரு வயதானவர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு நின்றார். அந்தப் பெடியன் கூடைக்குள் தலையை விட்டபோது எனக்கு ஞாபகம் வந்தது அந்தச் செருப்புத்தான்.

கிழமை எப்படிப் போகும் என்று சொல்கிறேன். தோராவை, அதாவது மோசேயின் ஐந்து புத்தகங்களை, 54 பகுதியாகப் பிரித்து ஒரு வருடத்தில் வாசித்து முடிப்பார்கள். முடித்த அன்றைக்கே திரும்ப முதல் வரி. ஒவ்வொரு கிழமைக்கும் அதற்குரிய பகுதியின் பெயர் உண்டு. அதிபர் வீட்டுக்கு அனுப்பும் கடிதத்தில்கூடத் திகதிக்குப் பக்கத்தில் அந்தப் பெயர் இருக்கும். காலையில் பிரார்த்தனை. வலது கையால் கண்ணைப் பொத்திக்கொண்டு "ஷெமா" சொல்லுவார்கள். முப்பது பேர் பொத்தினால் பத்துப் பேர் விரல் இடுக்கால் என்னைப் பார்ப்பார்கள். அப்புறம் அந்தக் கிழமைக் கதை.

நோவா கிழமையில் ஒருநாள் ஒரு சின்னவள் கேட்டாள்: "உலகத்தில் எல்லாரும் கெட்டவர்கள் என்றுதானே வெள்ளம் வந்தது? அப்ப மீன்? மீனுக்கு அது நல்ல நாள்தானே?" எங்கள் ஊரில் என்றால் "வாய் காட்டாதே, இரு" என்று முடிந்திருக்கும். ஹீப்ரு ஆசிரியைக்கு, மோரா என்று கூப்பிடுவார்கள், முகமெல்லாம் சிரிப்பு. ராஷி என்று பதினோராம் நூற்றாண்டில் பிரான்சில் இருந்த உரைகாரர். அவருடைய உரையை எடுத்து வந்தார். "உலர்ந்த தரையில் இருந்தவை எல்லாம் இறந்தன" என்று ஒரு வரி. அதற்கு ராஷி எழுதியது இவ்வளவுதான்: கடல் மீன்கள் அல்ல. "பார், உன் கேள்வி அவருக்கும் வந்திருக்கிறது" என்றார். அந்தப் பிள்ளை அன்று முழுக்கத் தரையில் நடக்கவில்லை. பெரிய வகுப்புகளில் இரண்டிரண்டு பேராக இருந்து வரிக்கு வரி சத்தமாக வாதாடிப் படிப்பார்கள். இரைச்சல் தாங்காது. நான் வாயில் விரல் வைத்துப் படித்தவள், முதல் மாதம் தலையிடிதான்.

மூளைச்சலவை என்றீர்களே. எங்கள் வீட்டில் தேவாரம் பாடாமல் இரவுச் சாப்பாடு கிடைக்காது. அதற்கு என்ன பெயர் வைப்பீர்கள் என்று நான் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமைதான் எல்லாம். அன்று சூரியன் மறையும்போது ஷபாத் என்ற அவர்களின் ஓய்வுநாள் தொடங்கும். சின்ன வகுப்பில் ஒவ்வொரு கிழமையும் ஒரு பிள்ளை ஷபாத் அம்மா, ஒரு பிள்ளை ஷபாத் அப்பா. அம்மா தலைக்குச் சின்னத் துணி கட்டி, மரத்தால் செய்த விளையாட்டு மெழுகுதிரிக்கு மேலே மூன்று தரம் கையைச் சுற்றிக் கண்ணைப் பொத்துவாள். அப்பா திராட்சைச் சாற்றுக் கிண்ணத்தைத் தூக்கிச் சொல்லுவான், பாதி சட்டையில் போகும். தலைமுடி பின்னுவது போலப் பின்னிச் சுட்ட ஹலா என்ற பாண் ஒரு துணிக்குக் கீழே மூடியிருக்கும். ஏன் மூடுகிறோம் என்று மோரா கேட்டால் எல்லாரும் கத்துவார்கள்: சாற்றுக்குத்தான் முதலில் வாழ்த்து, பாணுக்கு வெட்கமாகிவிடும், அதனால் மூடுகிறோம்! பாணுக்கு வெட்கம். மனிதரைப் பற்றிச் சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல வழி நான் பார்த்ததில்லை. டிசம்பரில் லண்டனில் நாலு மணிக்கு முன்னமே சூரியன் போய்விடும், அதற்கு முன் ஷபாத் விளக்கேற்ற வேண்டும். ஆகவே ஒன்றரைக்கே பள்ளி விடும். போகும்போது அந்தக் கிழமைக் கதையில் கேள்விகள் எழுதிய ஒரு தாள் கொடுத்துவிடுவோம். இரவு சாப்பாட்டு மேசையில் தகப்பன் கேட்பார், பிள்ளை சொல்லும். ஷபாத் என்று ஐபாட் எல்லாம் அணைத்தாயிற்று, வேறு வழியில்லை.

வாசலில் காவல்காரர், உயர வேலி, சத்தமில்லாமல் மேசைக்குக் கீழே ஒளியும் பயிற்சி, இதுவும் அந்தக் கிழமைக்குள்தான். அதைப் பற்றி நீட்டி எழுத விருப்பமில்லை.

சாப்பாட்டு விஷயத்தில் நானே மாட்டிக்கொண்டேன். முதல் மாதம், விதி எல்லாம் வாசிக்காமல், இடியப்பமும் சோதியும் கட்டிக்கொண்டு சாப்பாட்டு மண்டபத்துக்குள் போய்விட்டேன். அன்று இறைச்சி நாள். இறைச்சியும் பாலும் ஒரு மேசையில் வரக் கூடாது. கோஷர், அதாவது அவர்களின் சாப்பாட்டு விதி, பார்க்கும் அம்மா என் பெட்டிக்குள் வெள்ளையாகச் சோதியைக் கண்டு ஓடிவந்தார். தேங்காய்ப் பால், மாட்டுப் பால் இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். வெளிச் சாப்பாடே உள்ளே வரக் கூடாது என்று மரியாதையாக ஆசிரியர் அறைக்கு அனுப்பிவிட்டார். இதைக் கேட்ட எங்கள் பள்ளி ரபி, அதாவது யூத மதகுரு, விழுந்து விழுந்து சிரித்தார். இறைச்சியோடு பாதாம் பால் சேர்த்தால், பார்க்கிறவர்கள் பால் என்று நினைக்காதபடி பக்கத்தில் நாலு பாதாம் வைக்கச் சொல்லி பதினாறாம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்திருக்கிறார்களாம். "உங்களுக்கு அரை மூடித் தேங்காய் வைக்க வேண்டும்" என்றார்.

அதே ரபிதான் எனக்கு இன்னொன்றும் சொன்னார். கனடாவில் இருக்கும் என் மச்சாள் நான் செய்வதை "ஆயா வேலை" என்பாள். ஊரில் பி.ஏ. படித்தவள் நான், இருக்கட்டும். இதை ஒருநாள் சொல்லிவிட்டேன். அவர் தல்மூத் என்ற அவர்களின் பழைய சட்ட விளக்க நூலில் ஒரு பக்கத்தைத் திறந்து மொழிபெயர்த்தார். யெகோஷுவா பென் கம்லா என்ற தலைமைக் குரு ஊர் ஊராக ஆசிரியர்களை வைத்து, ஆறேழு வயதில் பிள்ளைகளைச் சேர்க்க ஏற்பாடு செய்தாராம். அதே பக்கத்தில் கணக்கும் இருக்கிறது: ஓர் ஆசிரியருக்கு 25 பிள்ளைகள், 50 என்றால் இரண்டு ஆசிரியர், 40 என்றால் ஊர்ச் செலவில் ஓர் உதவியாளர். "உங்கள் பதவி தல்மூதில் இருக்கிறது" என்றார். அன்றிரவே மச்சாளுக்கு வாட்ஸப்பில் போட்டேன். நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. சம்பளத்தைப் பற்றித் தல்மூத் என்ன சொல்கிறது என்று நான் கேட்கவில்லை. பள்ளி விடுமுறைக் கிழமைகள் பலவற்றுக்கு எங்களுக்குக் காசு கிடையாது.

கேள்விக்கு வெளியே போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தப் பிள்ளைகளுக்கு ஆறு வயதில் முதல் பிரார்த்தனைப் புத்தகம் கொடுக்கும் விழா ஒன்று உண்டு, அம்மாமார் அட்டைக்குத் துணியில் பூ வேலை செய்து உறை தைத்துத் தருவார்கள். பழைய நாளில் எழுத்தின் மேல் தேன் தடவி நக்கக் கொடுப்பார்களாம். நானும் விஜயதசமிக்கு என் மகனுக்கு அரிசியில் விரல் பிடித்து ஏடு தொடக்கினவள்தான். பிறகு ஞாயிறு தமிழ்ப் பள்ளிக்கு நாலு வருடம் மழை பனி பாராமல் கொண்டுபோனேன். ஐந்தாம் வருடம் நிர்வாகக் குழு இரண்டாக உடைந்தது. யார் தலைவர், மண்டப வாடகைக் காசு எங்கே என்று சண்டை. இப்போது அரை மைலுக்குள் இரண்டு தமிழ்ப் பள்ளி, ஒவ்வொன்றிலும் இருபது பிள்ளைகள், ஒவ்வொன்றுக்கும் மூன்று மணி நேர ஆண்டு விழா, பொன்னாடை. மகன் எந்தப் பக்கத்துக்கும் போகமாட்டேன் என்றுவிட்டான். நானும் வற்புறுத்தவில்லை, அது என் பிழை.

இதை மோராவிடம் சொல்லி, உங்கள் ஆட்கள் கெட்டிக்காரர், மொழியை விடவில்லை என்றேன். அவர் தலையாட்டவில்லை. "ஹீப்ரு வேதத்தின் மொழி. என் பாட்டி வீட்டில் கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் பேச்சுமொழியான இத்திஷ்தான் கதைத்தார். கிழக்கு லண்டன் பள்ளியில் அதைக் கதைத்தால் ஏசுவார்கள். அம்மாவுக்கு விளங்கும், கதைக்க வராது. எனக்குத் திட்டு மட்டும்தான் தெரியும்" என்று ஒரு திட்டைச் சொல்லிக் காட்டினார். எங்கள் ஊர்த் திட்டுக்குக் கிட்ட வராது.

போன மாதம் அலுமாரி ஒதுக்கும்போது மகனுடைய தமிழ்ப் பள்ளிக் கொப்பிகள் நாலு வந்தன. அவனுக்கு இப்போது இருபது வயது. ரீசைக்கிளிங் பெட்டியில் போடவா என்று ஆங்கிலத்தில் கேட்டான். பிரித்துப் பார்த்தேன். ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் கோணல்மாணலாகப் பிள்ளையார் சுழி. வேண்டாம் என்று வாங்கி மேல்தட்டில் திரும்ப வைத்துவிட்டேன்.